மாப்பிள்ளைக்குப் பதிலாக எரிமலைத் தீவுக்கு

என் மகளின் கலியாணம் நடக்க ஒரு மாதம் இருந்தபோது நின்றுபோனது. கோயிலில் பாதர் கலியாண அறிவித்தல் வாசித்து முடிந்திருந்தது. மண்டபம் பிடித்து, சாப்பாட்டுக்காரரிடம் போய் ருசி பார்த்து, கூறைச் சேலையும் என் அலுமாரிக்குள் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை அவள் ரொறன்ரோ டவுன்ரவுனிலிருந்து ரயிலேறி, பிக்கரிங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக ஸ்ரேசனிலிருந்து கூட்டிப்போகச் சொல்லி அழைப்பாள். அன்றைக்கு அழைக்கவில்லை. நடந்தே வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னாள்.

“அம்மா, அப்பா, நாங்கள் ரெண்டுபேரும் கதைச்சிட்டம். கலியாணம் வேண்டாம்.”

“என்ன நடந்தது?” என்றேன்.

“ஒண்டும் நடக்கேல்லை.”

“ஒண்டும் நடக்காமல் ஆராவது கலியாணத்தை நிப்பாட்டுவினமோ?”

“அம்மா, ப்ளீஸ். இண்டைக்கு வேண்டாம்.”

என் கணவர் எழுந்து போய் அவளுக்குத் தேத்தண்ணி போட்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவருடைய சுபாவம் அது. எனக்கு அப்படி இருக்க வராது. நான் ஸ்காபரோவில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். அங்கே வருகிற தமிழ்ச் சனத்தில் பாதிப்பேருக்குக் கலியாணத்துக்குச் சொல்லியிருந்தேன். வாயைத் திறந்து பல்லைக் காட்ட வந்தவர்கள் எல்லாம் அதே வாயால் “ஏன் அன்ரி நிண்டது?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். என் மச்சாள் தினமும் தொலைபேசியில் வந்தாள். “பெடியன் குடிக்கிறவனோ? வேற ஆரும் இருக்கினமோ? எனக்காவது உண்மையைச் சொல்லுங்கோ அண்ணி.” உண்மை எனக்கே தெரியாது என்றால் அவள் நம்பவில்லை. சொல்லக்கூடிய ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். நல்ல காரணமாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

தேனிலவுக்கென்று அவர்கள் இரண்டுபேரும் கப்பல் பயணம் ஒன்று பதிவு செய்திருந்தார்கள். அதை ரத்துச்செய்ய முடியவில்லை, பெயரை மட்டும் மாற்றலாம் என்றார்கள். அந்தப் பையன், ‘நீ போ, நான் வரவில்லை’ என்று சொல்லிவிட்டானாம். ஒரு ஞாயிறு மத்தியானம், கோப்பை கழுவிக்கொண்டு நின்ற என்னிடம் மகள் கேட்டாள், “அம்மா, நீங்கள் வாறியளா?”

நான் கணவரைப் பார்த்தேன்.

“போயிட்டு வாருமன்,” என்றார். “எனக்குச் சமைக்கத் தெரியாதோ?”

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. கப்பலில் அவள் என்னை விட்டு எங்கேயும் ஓட முடியாது, சொல்லித்தானே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

கப்பல் அறையில் ஒரேயொரு பெரிய கட்டில். அதன்மேல் துவாய்களை மடித்து, கழுத்தோடு கழுத்துச் சேர்ந்த இரண்டு அன்னங்களாகச் செய்து வைத்திருந்தார்கள். மகள் கைப்பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் உள்ளே வருவதற்குள் நான் அந்த அன்னங்களை உதறிப்போட்டேன். ஆனால் அடுத்த நாளும் அன்னங்கள் வந்தன. அவள் அவற்றைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கப்பலில் ஓட இடமில்லை என்று நான் போட்ட கணக்கும் பிழைத்தது. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மேல்தளத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். நான் வெயிலில் ஒரு கதிரையில் இருந்து, அவள் ஒவ்வொரு சுற்றும் என்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கப்பல் போய் நின்ற இடங்களில் ஒன்று லன்சரோட்டே. ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஸ்பெயின்காரரின் தீவு. எரிமலையையும் திராட்சைத் தோட்டத்தையும் காட்டிவிட்டு மத்தியானத்துக்குள் கப்பலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிற அரைநாள் பயணம் அது. அதைத் தேர்ந்தெடுத்தவன் அந்தப் பையன். அவனுக்கு வைன் விருப்பம். காலையில் பஸ்ஸில் ஏறினோம். எங்களைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் சோடி சோடியாக இருந்தார்கள். நான் கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பதும், மூடுவதும், மறுபடி திறப்பதுமாக இருந்தேன்.

“அம்மா, அது அங்கதான் இருக்கு,” என்றாள் மகள்.

“பஸ் பிந்தினால் கப்பல் எங்களை விட்டிட்டுப் போயிடுமாம்.”

“ஆர் சொன்னது?”

“கப்பலிலதான் சொன்னவை.”

ஊர் முடிந்ததும் நிலம் கறுத்தது. நான் எரிமலை என்றால் ஒரு மலையும் உச்சியில் புகையும் என்று நினைத்திருந்தேன். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை உடைந்து புரண்ட கருங்கல்தான். யாரோ தார் ரோட்டைக் கிளறிப்போட்டுவிட்டு, மூடாமல் போன மாதிரி இருந்தது. ஒரு மரம் கிடையாது. பஸ் அதற்குள் வளைந்து வளைந்து போனது. வழிகாட்டியாக வந்த இளம்பெண், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்தப் பூமி ஆண்டுக்கணக்காக எரிந்தது, பல ஊர்கள் இதற்குக் கீழே கிடக்கின்றன என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே ஓரிடத்தில் இறக்கினார்கள். அங்கே வேலை செய்கிற ஒருவர் நிலத்தைக் கிளறி, ஒரு பிடி சரளைக்கல்லை என் உள்ளங்கையில் வைத்தார். சுட்டது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிக் கடைசியில் கீழே போட்டேன். பிறகு அவர் நிலத்தில் புதைத்திருந்த குழாய்க்குள் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் குனிந்து பார்த்தோம். திடீரென்று பெரிய சத்தத்தோடு நீராவி ஆள் உயரத்துக்கு மேலே அடித்தது. நான் பின்னால் சரிந்தேன். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். இதுதான் சமயம் என்று நினைத்து, “இப்பவாவது சொல்லன் பிள்ளை,” என்றேன். சிரிப்பு நின்றது. என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

திராட்சைத் தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

அது நான் நினைத்தது போன்ற தோட்டம் இல்லை. பந்தல் இல்லை, வரிசையில்லை. கறுப்புச் சாம்பல் நிலத்தில் பெரிய பெரிய குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கத்தில் பிறை மாதிரிக் கல்லடுக்கு, குழியின் அடியில் ஒரேயொரு திராட்சைக் கொடி. காற்று ஓயாமல் அடித்தது. என் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பதே பெரும்பாடு. சாம்பலுக்குக் கீழேதான் பழைய மண் இருக்கிறதாம். அதை எட்டும்வரை தோண்டித்தான் கொடியை நடுவார்களாம். மழை இல்லாத ஊர், இரவுப் பனியைச் சாம்பல் உறிஞ்சிவைத்துக் கொடிக்குக் கொடுக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள்.

பிறகு எங்களை ஒரு மண்டபத்துக்குள் கூட்டிப்போய், நீள மேசையில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து வைன் ஊற்றினார்கள். நான் வைனைக் கண்டது பூசையில் பாதரின் கையில்தான். என் கிண்ணத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். அப்போது வழிகாட்டிப் பெண் என் மகளின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் கையில் வெள்ளை நாடா கட்டிய இரண்டு கிண்ணங்கள். பின்னால் ஒருவர் சின்னக் கேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கோ ஒரு கணினியில் ‘புதுமணத் தம்பதி’ என்ற குறிப்பை யாரும் அழிக்கவில்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். மகள் எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு சுற்றுமுற்றும் பார்த்து, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டாள்.

“மாப்பிள்ளை இல்லை,” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். “நான் தாய். நான்தான் வந்தனான்.”

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது, பாவம். மகள் நாடா கட்டிய கிண்ணத்தை வாங்கி, மேசையில் மெல்ல வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வெளியே வந்த பிறகுதான் என் கையில் வைன் கிண்ணம் இருப்பதைக் கண்டேன்.

அவளைக் காணவில்லை. குழிகளுக்கு நடுவே போன ஒற்றையடிப் பாதையில் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தேன். காற்று என் குரலை எடுத்துக்கொண்டு போனது. பஸ் வெளிக்கிட அதிக நேரம் இருக்கவில்லை. ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்தேன். கொஞ்சத் தூரத்தில், ஒரு குழியின் அடியில், கல்லடுக்கோடு சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நான் இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிடச் சாம்பலோடு சேர்ந்து சறுக்கினேன் என்பதுதான் சரி. செருப்பெல்லாம் கறுப்புச் சரளை. கொடியை மிதித்துவிடாமல் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். குழிக்குள் காற்று இல்லை. காது அடைத்துவிட்டமாதிரி அமைதியாக இருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று நினைத்து அல்ல. மூச்சு வாங்கியது.

“அப்பாவுக்கு நெஞ்சு நொந்த அண்டைக்கு,” என்று அவளாகவே தொடங்கினாள்.

அது போன குளிருக்குள் நடந்தது. வாசலில் கொட்டிக்கிடந்த பனியை வழித்துக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். நான் வேலையில், மகன் வேறு ஊரில். அன்றைக்கு அவள் எங்கள் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தாள். அவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினாள்.

“அண்டைக்கு முழுக்க நான் அங்க இருந்தன். உங்களுக்குப் போன் அடிச்சன். அண்ணாக்கு அடிச்சன். என்ர மனேஜருக்குக்கூட அடிச்சன். அவனுக்கு அடிக்கேல்லை, அம்மா.”

“பதட்டத்தில மறந்திருப்பாய்.”

“மறக்கேல்லை. அவன் எனக்கு நினைவே வரேல்லை. அடுத்த நாள் அவன் ரெக்ஸ்ற் மெசேஜ் பண்ணேக்கைதான், ஓ, இவனுக்குச் சொல்லேல்லையே எண்டு நினைச்சன்.”

“உதுக்காகவோ?”

“அதுகூடப் பறவாயில்லை. நான் அவனுக்குச் சொன்னன். கோவிப்பான் எண்டு பயந்துகொண்டுதான் சொன்னன். அவன், ‘ஓ, ஓகே, அப்பா இப்ப எப்பிடி?’ எண்டு கேட்டான். அவ்வளவுதான். கோவிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். பிறகு ரெண்டுபேரும் கலியாண ஹோலுக்கு என்ன பூ எண்டு கதைச்சம்.” கொடியின் இலையிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள். “அவன் நல்லவன். நான் அவனோட சந்தோசமாத்தான் இருந்தன். ஆனா அந்த நாளை என்னால மறக்க ஏலாமல் போச்சு. கடைசியில அவனிட்டச் சொல்ல, தனக்கும் அப்பிடித்தான் எண்டான்.”

ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். ‘அதெல்லாம் கலியாணத்துக்குப் பிறகு சரியாகும்’ என்ற வார்த்தைகள் நாக்கின் நுனியில் நின்றன. சொல்லவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி நடைபாதையில் ஓடி வந்த என்னைக் கட்டிப்பிடித்தபோது அவள் நடுங்கிய நடுக்கம் எனக்கு நினைவு வந்தது. அப்படி நடுங்குகிற நேரத்தில் ஒருவனின் நினைவு வரவில்லை என்றால், வரவில்லைதான்.

“இதைச் சனத்துக்கு என்னெண்டு பிள்ளை சொல்லுறது?” என்றேன் கடைசியில்.

“சனத்துக்குச் சொல்லாதேங்கோ. நான் உங்களுக்குத்தான் சொன்னனான்.”

என் கையிலிருந்த கிண்ணத்தில் பாதி சாம்பலில் ஊற்றுண்டு போயிருந்தது. மிச்சத்தை ஒரு மிடறு குடித்தேன். முதலில் இனித்தது, பிறகு தொண்டையைப் பிடித்தது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து அவள் கிண்ணத்தை வாங்கி மீதியைக் குடித்தாள். அப்போது பஸ்ஸின் கோர்ன் சத்தம் கேட்டது.

ஏறுவதுதான் கஷ்டமாகப் போனது. ஓரடி வைத்தால் இரண்டடி சறுக்கியது. “அம்மா, சேலையைத் தூக்குங்கோ,” என்று கத்திக்கொண்டு அவள் பின்னாலிருந்து தள்ளினாள். மேலே வந்தபோது இரண்டுபேரும் முழங்கால் வரை கறுப்பு. பஸ்ஸில் எல்லாரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை, வெளியே பார்ப்பது போலப் பாவனை செய்தார்கள். வழிகாட்டிப் பெண் எங்கள் இருக்கையில் அந்தக் கேக்கை ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தாள். வழியிலேயே அதைக் கையால் பிய்த்துத் தின்று முடித்தோம். ஆனாலும் துறைமுகத்தில் கப்பலின் புகைபோக்கியைக் காணும்வரை என் கால் தரையில் தட்டிக்கொண்டேதான் இருந்தது.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகு எனக்கு இன்னொரு விதத்தில் நிம்மதி போனது. முன்னர் தெரியாதது வதைத்தது. இப்போது தெரிந்ததைச் சொல்ல முடியாதது வதைத்தது. மச்சாளின் அழைப்பை எடுக்காமல் விட்டேன். கணவருக்கு மட்டும் சொன்னேன். அவர், “அண்டைக்கு அவ என்ர கையை விடேல்லை,” என்றார்.

சில வாரங்கள் கழித்து, ஸ்காபரோவில் பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது, அந்தப் பையனின் தாய் என் காருக்குப் பக்கத்தில் நின்றார். எனக்குச் சம்பந்தி ஆகியிருக்க வேண்டியவர். நான் கார்த் திறப்பைத் தேடுகிறமாதிரிக் கைப்பைக்குள் கையை விட்டேன். அவர் நகரவில்லை.

“உங்கட மகள் உங்களுக்கு ஏதும் சொன்னவவோ?” என்று கேட்டார். “இவன் வாயே திறக்கிறானில்லை. நான் ஏதும் பிழை விட்டனோ எண்டு யோசிச்சு யோசிச்சு எனக்கு நித்திரையே இல்லை.”

அவருடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் அலைந்த அதே அலைச்சலை அவரும் தனியாக அலைந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை.

“ஒருதரிலயும் பிழை இல்லை,” என்றேன். “உங்கட மகன் நல்லவர் எண்டு என்ர பிள்ளை தன்ர வாயாலயே சொன்னவ. மிச்சத்தை அவர்தான் உங்களுக்குச் சொல்லவேணும். அவசரப்படுத்தாதேங்கோ. ஆனா விட்டிடவும் வேண்டாம்.”

அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கணவரின் உடம்பு இப்போது எப்படி என்று விசாரித்தார். ஏரிக்கரையில் தினமும் நடக்கிறார் என்றேன். பிறகு, கலியாணத்துக்கென்று எடுத்த சேலையை என்ன செய்வதென்று தெரியவில்லை, உடுக்கவும் மனம் வரவில்லை, கொடுக்கவும் மனம் வரவில்லை என்றார்.

“என்ன நிறம்?” என்று கேட்டேன்.

“கத்தரிப்பூ நிறம்.”

“வாற ஞாயிறு உடுத்துக்கொண்டு வாங்கோ,” என்றேன்.

கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. நாங்கள் இரண்டுபேரும் இன்னும் கொஞ்சநேரம் அங்கேயே நின்று கதைத்தோம்.