அண்ணி கொடுத்தனுப்பும் மசியல்

என் அண்ணன் வேலை பார்த்தது உருளைக்கிழங்கு அடுக்கி வைக்கிற குளிர்பதனக் கிடங்கில். மூட்டை தூக்கும் வண்டி ஓட்டினான். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்துவதை ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று அங்கே ஒரு வழக்கம். அதனால் அவன் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் கிழங்குக்கு மட்டும் வராது. கூட வேலை செய்கிறவர்கள் அவனையே "கிழங்கு" என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளும் அப்படித்தான் இருப்பான், உருண்டையாக, மண் நிறத்தில்.

ஆனால் நான் சொல்ல உட்கார்ந்தது அண்ணியைப் பற்றி.

அண்ணி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். மூன்றாம் மாடியில் இரண்டே அறை. சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு அவளுடைய தையல் மிஷின். அடுப்புக்குப் போக வேண்டுமென்றால் மிஷினைச் சுற்றி ஒருக்களித்துத்தான் போகவேண்டும். காதில் சாக்குக்கட்டி, வாயில் குண்டூசி. அதனாலேயே பேச்சு குறைவு. பேசினால் நறுக்கென்று ஒன்று விழும், அதோடு சரி. நான் ஷட்டர் ரிப்பேர் செய்கிறவன், தனிக்கட்டை. கடைக்குப் பின்னாலேயே படுக்கை. ராத்திரிச் சாப்பாடு மட்டும் அண்ணி கையால்.

வாரத்தில் பாதி நாள் உருளைக்கிழங்கு மசியல்தான். பால் ஊற்றி, வெண்ணெய் போட்டு, மிளகு தூவிச் செய்வாள். கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு, "ஒரு காலர் மட்டும்" என்று மிஷினில் உட்காருவாள். அந்த ஒரு காலர் நாலு காலராகும். அடி பிடித்து வாசனை வந்தபிறகுதான் எழுந்து ஓடுவாள்.

"ஏய் இவளே, கிழங்கு மசிச்சியா, தார் ரோடு போட்டியா?" என்பான் அண்ணன்.

"ரோடு போட்டாலும் மொத வண்டி உங்களுதுதானே," என்பாள் அண்ணி, ஊசியை வாயிலிருந்து எடுக்காமலேயே.

தட்டை வழித்து நக்கிவிட்டுத்தான் எழுவான்.

கிடங்கில் ஒருநாள் அடுக்கு சரிந்தது. மேலிருந்து வந்த பெட்டி ஒன்று அவன் மண்டையில் விழுந்தது. பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் அரை நினைவாகவே கிடந்தான். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். தொண்டைக்கு இன்னும் பலம் வரவில்லை, குழைவாகத்தான் கொடுக்கவேண்டும். மருந்தெல்லாம் சேர்ந்து வயிற்றையும் கெடுத்து வைத்திருந்தது. பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் கூடாது. பால் சம்பந்தப்பட்ட எது உள்ளே போனாலும் வெளியே வந்துவிடும் என்றார் டாக்டர்.

நானும் அண்ணியும் கைத்தாங்கலாக மாடி ஏற்றிக் கட்டிலில் உட்காரவைத்தோம். அண்ணி தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அண்ணன் என் சட்டையைப் பிடித்துக் கிட்ட இழுத்தான்.

"டேய், இந்தம்மா யாரு?"

நான் சிரித்தேன். "அண்ணே, மண்டையில அடிபட்டா காமெடி எல்லாம் வருமா?"

"சிரிக்காத. அவ மாதிரியே இருக்காங்க. கழுத்து மச்சம்கூட அதே எடத்துல இருக்கு. எல்லாம் அதேதான். ஆனா அவ இல்ல."

அண்ணி தண்ணீரோடு வந்து நின்றாள். அவன் இரண்டு கையாலும் தம்ளரை வாங்கிக்கொண்டான். "உக்காருங்கம்மா, ஏன் நிக்கறீங்க?" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து "ஏய் இவளே" தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாதவன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

டாக்டரிடம் போய் நின்றேன். அவர் எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "முகம் தெரியுது. ஆனா பாத்த ஒடனே உள்ள ஒண்ணு 'நம்ம ஆளு'ன்னு சொல்லும்ல, அது சொல்ல மாட்டேங்குது. அதனால இது வேற யாரோ, வேஷம் போட்டிருக்காங்கன்னு மனசு முடிவு பண்ணிடும். சிலருக்கு மெதுவாச் சரியாகும்."

"என்னைத் தெரியுதே சார்?"

"ரொம்ப நெருக்கமானவங்ககிட்டதான் இது வேலையக் காட்டும்."

இதை அண்ணியிடம் சொன்னேன். "அப்ப நான் நெருக்கம் இல்லபோல அண்ணி. இத்தன வருஷம் சும்மாவே சோறு போட்டிருக்கீங்க." சிரித்தாள். பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

வினை சாப்பாட்டில் வந்தது. தன் பெண்டாட்டி முகத்தை மாட்டிக்கொண்டு வந்திருக்கும் யாரோ ஒருத்தி நீட்டுகிற தட்டை எந்த மனுஷன்தான் வாங்குவான்? நான் ஊட்டினால் இரண்டு கரண்டி. மூன்றாவதற்கு, "இத அவங்கதானே செஞ்சாங்க?" என்று வாயை மூடிக்கொள்வான். உருண்டையாக இருந்தவன் வற்றலாகிவிட்டான். இப்படியே போனால் மூக்கில் குழாய் போட்டு நீண்டகால வார்டில் வைக்கவேண்டியதுதான், வேறு வழியில்லை என்றார் டாக்டர். அண்ணி அந்த வார்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"உள்ள போனவங்க யாரும் செருப்பு மாட்டிட்டு வெளிய வந்த மாதிரி தெரியல தம்பி," என்றாள். "அங்க விடமாட்டேன்."

அவனுக்குப் பிடித்தது மசியல். அதைப் பாலும் வெண்ணெயும் இல்லாமல் செய்யவேண்டும். முதல் தடவை மிக்சியில் அடித்தாள். இழுத்தால் நூலாக வந்தது. "போஸ்டர் ஒட்டலாம் அண்ணி," என்றேன். அடுத்து யாரோ சொன்னார்கள் என்று சோயா பால் ஊற்றினாள். பச்சை மொச்சை வாடை. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கிழங்கைத் தோல் சீவி, ஒரே அளவாக நறுக்கி, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் வைத்துக் கொதிக்கவிட்டாள். வெந்ததும் வடித்தாள், அந்தத் தண்ணீரைக் கொட்டவில்லை. வெறும் சட்டியில் கிழங்கைத் திரும்பப் போட்டு, ஆவி போகும்வரை சின்னத் தீயில் புரட்டினாள். சூடாக இருக்கும்போதே மத்தால் மசித்தாள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயையும், வடித்த தண்ணீரையும் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறினாள். அடுப்பை விட்டு ஒரு நொடி நகரவில்லை. வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி வந்தது. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அண்ணன் ஒரு வாய் வைத்தான். ரொம்ப நேரம் நாக்கிலேயே வைத்திருந்தான்.

"நல்லாத்தான் இருக்கு. இந்தம்மா நல்லா சமைக்கறாங்க. அவளுக்கு இந்தளவு வராது." தட்டைத் தள்ளிவிட்டான்.

மறுநாள் அண்ணி தைத்த துணியைக் கடையில் போடப் போயிருந்தாள். நான் காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். அண்ணனுடைய போன் அடித்தது. அவனே எடுத்தான்.

"ஏய் இவளே!"

நான் துள்ளி எழுந்தேன். அவன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. "எங்கடி போய்த் தொலஞ்ச? இங்க ஒரு பொம்பள உன்னய மாதிரியே வந்து உக்காந்திருக்கு. என்னால முடியல. சீக்கிரம் வா."

போனிலிருந்து அண்ணியின் குரல் எனக்கும் கேட்டது. "வந்துட்டேன், இதோ வந்துட்டேன், வெக்காதீங்க." தெருவில் ஓடுகிற சத்தம், பிறகு படியில் ஓடுகிற சத்தம். அதே சத்தம் போனிலும் கேட்டது, கதவுக்கு வெளியிலும் கேட்டது. கதவைத் திறந்து, போனைக் காதிலிருந்து எடுக்காமல், மூச்சிரைக்க நின்றாள்.

அவன் முகத்தில் ஷட்டர் இறங்கியது. எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

"வாங்கம்மா," என்றான். போனைப் பார்த்து, "ஹலோ? இருக்கியா? ஹலோ?" என்றான்.

குரலுக்கு மண்டைக்குள் வேறு பாதையாம், அது அறுபடவில்லையாம்; ஆளே எதிரில் நின்றால் மட்டும் முகம்தான் ஜெயிக்குமாம். டாக்டர் சொன்னார். நான் அண்ணியிடம், "அப்ப போன்லயே சாப்பிடச் சொல்லுங்க," என்றேன். படிக்கட்டில் உட்கார்ந்து கூப்பிட்டாள். அந்தம்மா கொடுப்பதைச் சாப்பிடுங்கள் என்றாள்.

"அவங்க என்ன கலக்கறாங்கன்னு ஒனக்கு என்ன தெரியும்? நீ செஞ்சு குடுத்தனுப்பு. தின்றேன். ஒன் கை எனக்குத் தெரியாதா?"

அன்று மாலை அண்ணி திரும்பவும் கிழங்கை வைத்தாள். நான் சட்டியை எட்டிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது.

"அண்ணி, இந்தச் சட்டிய இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய் மிஷினில் உட்கார்ந்தாள். ஒரு காலரை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள். மிஷின் ஓட ஆரம்பித்தது.

"வாசன வருது அண்ணி."

"வரட்டும்."

"தீயுது!"

"தம்பி, சும்மா இருங்க."

நாலாவது காலர் முடிந்தபிறகுதான் எழுந்தாள். அதே எண்ணெய், அதே தண்ணீர் விட்டு மசித்தாள். ஒரு டிபன் பாக்ஸில் போட்டுத் துணி சுற்றினாள். எடுத்துக்கொண்டு கீழே வாசல்வரை போய்விட்டுத் திரும்ப ஏறி வந்து தன் வீட்டுக் கதவையே தட்டினாள். நான் திறந்தேன்.

"அவங்க குடுத்தனுப்பினாங்க," என்றாள், என்னைத் தாண்டி அவனைப் பார்த்து.

அண்ணன் மூடியைத் திறந்து முகர்ந்தான். "தார் ரோடு!" என்று கத்திச் சிரித்தான். "வெண்ணெயே காட்டல, கஞ்சப் பிசினாறி. ஆனா அவ கைதான். அவளேதான்." அடிவரை வழித்தான். அண்ணி சுவரோரமாக, பார்சல் கொண்டு வந்த ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

அப்படியே அது வழக்கமாகிவிட்டது. தினம் மசிப்பாள், கீழே போவாள், மேலே வருவாள், தட்டுவாள். அண்ணனுக்குக் கன்னம் மேடு கட்டியது. குழாய்ப் பேச்சு, வார்டுப் பேச்சு நின்றது. கொஞ்சம் தேறியதும் அவன் பாதியை மிச்சம் வைக்க ஆரம்பித்தான்.

"இத அவளுக்குக் கொண்டுபோய்க் குடுங்கம்மா. சமைச்சுட்டுத் தின்னாம தைக்க உக்காந்துருவா. நல்ல பொம்பள. நான்தான் ஒருநாளும் அவகிட்டச் சொன்னதில்ல."

"சொல்றேங்க," என்பாள் அண்ணி. டப்பாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்து அந்தப் பாதியைச் சாப்பிடுவாள். பிறகு போன் போடுவாள். "வந்துச்சு. சாப்பிட்டேன். நீங்க மாத்திர போட்டீங்களா?"

முதலில் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. அண்ணன் போனில் விசாரிக்கிறான்: எங்கே இருக்கிறாய், எப்படிப்பட்ட இடம்? அண்ணி பதில் சொல்கிறாள். ஒரு ரூம் என்கிறாள். பக்கத்து ரூமில் ஒரு கிழவர் இருமிக்கொண்டே இருக்கிறாராம். குழாய் சொட்டுகிறதாம். ஒரு நாள் சொன்னது மறுநாள் மாறாது. கிழவருக்கு இருமல் தேவலையா என்று இவன் கேட்பான், தேவலை என்பாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் வேலை முடிந்து சாமான் பையோடு மாடி ஏறினேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. அண்ணி இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"இங்க நல்ல மழ," என்றாள். "இருங்க, ஜன்னலச் சாத்திட்டு வரேன்."

போனை மடியில் வைத்தாள். எழுந்தாள். கையை நீட்டி எதையோ பிடித்து இழுத்தாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து போனை எடுத்தாள். அங்கே ஜன்னல் இல்லை. வெற்றுச் சுவர். நான் நிற்பதையும் அவள் பார்க்கவில்லை. யாருக்காக அதைச் செய்தாள்? அண்ணனுக்குக் குரல்தானே கேட்கும்.

அடுத்த தடவை டாக்டர் வயிறு சரியாகிவிட்டது, பால் கொடுத்துப் பாருங்கள் என்றார். நான் ஆசையாக வெண்ணெய் வாங்கிக்கொண்டு போனேன். அண்ணி அதைக் கையிலேயே வாங்கவில்லை.

"வேணாம் தம்பி. அவ இருக்கற எடத்துல வெண்ணெ கெடைக்கறதில்ல."

"யார் இருக்கற எடத்துல?"

மிஷின் ஓடியது. நான்தான் ஒருக்களித்துப் போய் வெண்ணெயை அலமாரியில் வைத்தேன். உருகிப்போனபிறகு நானே எடுத்து எறிந்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டான். ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி ரகசியமாகப் பேசினான்.

"டேய், இந்தம்மா பாக்கப் பாக்க அவ மாதிரியே ஆயிட்டு வர்றாங்கடா. காலைல துணி மடிச்சுட்டு இருந்தாங்க. எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. அது அவதானோ?"

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. படியில் ஓடினேன். அண்ணி டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள், அவன் வைத்த பாதியைச் சாப்பிட்டுக்கொண்டு.

"அண்ணி! அண்ணனுக்குத் தெரிய ஆரம்பிச்சிருச்சு. போதும் இந்தக் கூத்து. வந்துட்டேன்னு சொல்லிட்டு உள்ள வாங்க."

அண்ணி விரலால் டப்பாவை வழித்தாள்.

"நானும் கேட்டுப் பாத்துட்டேன் தம்பி. அவ வரமாட்டேங்கறா."

"அண்ணி, விளையாடாதீங்க."

"நெசமாத்தான். அங்க அவளுக்கு நல்லா இருக்காம். இவரு தெனம் பேசறாரு, சாப்பிட்டியான்னு கேக்கறாரு. இங்க வந்தா என்ன இருக்குங்கறா."

முகத்தில் சிரிப்பு இல்லை. வருத்தமும் இல்லை. தூது போய்ப் பலிக்காமல் திரும்பிய ஆளின் சலிப்பு மட்டும் இருந்தது.

மேலே கதவு திறந்தது. அண்ணன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் தனியாக எழுந்து வாசல்வரை வந்ததில்லை. அவளையே பார்த்தான்.

"எவ்வளவு நேரம்டி படியிலயே உக்காந்திருப்ப?" என்றான். "உள்ள வா."

அண்ணி மரியாதையாக எழுந்து நின்றாள். மூடியை அழுத்தி டப்பாவை மூடினாள்.

"சரிங்க, அவகிட்டச் சொல்லிடறேன்," என்று போனை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

உள்ளே, கட்டிலின் மேல் அவன் போன் அடித்தது. அவன் எடுக்கப் போகவில்லை. அவளும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.