நாற்பது பேருக்குக் கூழ்

எங்கள் கம்பனிக்கு வடக்கில் ஏழு அலுவலகங்கள். ஆறில் ஆட்கள் இருக்கிறார்கள். ஏழாவதில் நான் இருக்கிறேன்.

வேலணையில் வீதியோரம் ஒரு கடையறையை வாடகைக்கு எடுத்து நடத்துகிற காப்புறுதிக் கிளை அது. ஒரு மேசை, ஒரு அலுமாரி, எனக்கொரு கதிரை, வருகிறவர்களுக்கு மூன்று. அந்த மூன்றும் அநேகமாகச் சும்மாதான் கிடக்கும். யாழ்ப்பாணக் கிளையோடு கதை பேச்செல்லாம் தொலைபேசியில். அங்கே கணக்குப் பகுதியில் ஒரு தங்கச்சி வேலை செய்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒன்பது வருடமாக ஒவ்வொரு நாள் காலையும் கதைக்கிறோம். அவருடைய மகனுக்கு முதல் பல் விழுந்தது எப்போது என்பதுவரை எனக்குத் தெரியும். என் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அலுவலக ஆட்களின் வீட்டு விசேஷம் ஒன்றையும் நான் விட்டதில்லை. கலியாணம், புதுவீட்டுக் குடிபூரல், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போவேன். சாப்பிட்டு, வீடியோக்காரருக்குச் சிரித்துக் காட்டிவிட்டு, பஸ் போய்விடும் என்று எல்லோருக்கும் முன்னால் எழும்பி வருவேன். திருப்பிக் கூப்பிட எனக்கு ஒரு சாட்டும் இருக்கவில்லை. நான் கலியாணம் கட்டவில்லை, பிள்ளை இல்லை. இருக்கிற வீடு அப்பா கட்டியது, அதில் புதிதாகக் குடிபூர என்ன இருக்கிறது? அம்மா அப்பா போய்விட்டார்கள். சகோதரங்கள் கனடாவில். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருநாளைக்காவது இவர்கள் என் முற்றத்தில் இருந்து சாப்பிட வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை.

கடைசியில் அந்தச் சாட்டைக் கொழும்புத் தலைமை அலுவலகம் தந்தது. ஓர் ஆஸ்பத்திரியின் சிறுவர் வாட்டுக்கு மெசின் வாங்கிக் கொடுக்கப்போகிறோம், ஒவ்வொரு கிளையும் ஏதாவது நிகழ்ச்சி வைத்து நிதி சேர்க்க வேண்டும் என்று அறிவித்தார்கள். யாழ்ப்பாணக் கிளை கிரிக்கெட் போட்டி என்றது. வவுனியா பாட்டுக் கச்சேரி என்றது.

"வேலணையை விடுவம். மிஸ் தனியத்தானே," என்றார் வடக்குப் பகுதி முகாமையாளர், மாதக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஏன் விடவேணும்? நான் ஒடியற்கூழ் காய்ச்சிறன். என்ர வீட்டில. டிக்கெற் எடுத்துக்கொண்டு எல்லாரும் வாங்கோ."

கை தட்டினார்கள். நாற்பது டிக்கெற் அடித்தேன். இரண்டே நாளில் முடிந்துவிட்டது. கணக்குப் பகுதித் தங்கச்சி தனக்கும் புருசனுக்கும் மகனுக்கும் என்று மூன்று எடுத்தார். "அக்கா, உங்கட கையால கூழ் குடிக்கிறதெண்டால் சும்மாவே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது பேர்! சாமான் வாடகைக்கு விடுகிறவரிடம் கதிரையும் கூழ் காய்ச்சப் பெரிய கிடாரமும் எடுத்தேன். பனையோலை வாங்கிக் கூழ் குடிக்கப் பிளா மடித்தேன். வீட்டுக்கு வெள்ளைகூட அடித்தேன், பைத்தியக்காரி.

சனிக்கிழமை விடியவே நண்டும் இறாலும் மீன் தலையும் வந்து இறங்கின. பக்கத்து வீட்டு அக்கா உதவிக்கு வந்தார். வாய் நீளமான மனுசி, ஆனால் நண்டு துப்பரவாக்க அவரை விட்டால் ஆளில்லை. பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் வெந்து, செத்தல் மிளகாய்க் கூட்டும் புளியும் விட்டு, கடைசியாகக் காய்ந்த பனங்கிழங்கில் இடித்து ஊறவைத்த ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றியபோது பதினொரு மணி. வாசம் ஒழுங்கை முழுக்கப் பரவியது. அந்த நேரம்தான் தங்கச்சி தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. மகனுக்கு ரியூசனை இண்டைக்கு மாத்திப் போட்டினம். எங்கட மூண்டு பங்கையும் ஆரும் ஏழைபாழையளுக்குக் குடுங்கோ, புண்ணியமாப் போகும். மற்ற ஆக்கள் வருவினம்தானே."

வருவினம்தான் என்றேன். பிறகு எனக்குத் தனித்தனியாகச் செய்திகள் வரத் தொடங்கின. ஒருவருக்குக் கலியாணவீடு. ஒருவருக்குத் தலையிடி. ஒருவர் மறந்தே போனாராம். "தீவுப் பக்கம் எண்டபடியால் போய்த் திரும்ப நேரம் காணாது மிஸ்," என்று ஒருவர் எழுதியிருந்தார். தீவாம் தீவு! வள்ளம் ஏற வேண்டுமா, துறையில் காத்துக் கிடக்க வேண்டுமா? கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி ரோட்டு வழியாகப் பஸ்ஸில் கொஞ்ச நேர ஓட்டம். இதே ஆட்கள் ஒரு கலியாணத்துக்குக் கொழும்புக்குப் போய் அடுத்த நாளே திரும்பி வருகிறவர்கள். எல்லோருடைய செய்தியின் கடைசி வரியும் ஒன்றுதான், மற்ற ஆக்கள் வருவார்கள்தானே.

ஒரு மணியானது. நாற்பது கதிரையும் அப்படியே இருந்தன.

"பிள்ளை, கூழ் இறுகுது," என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"இறுகட்டும்."

"இறுகினால் ஒருத்தரும் குடிக்க ஏலாது. ரோட்டில நிக்கிற ஓட்டோக்காரரைக் கூப்பிடவே?"

நான் கதிரைகளின் தூசியைத் தட்டினேன். அவர் போய்க் கூப்பிட்டார். ஓட்டோக்காரர்கள் வந்தார்கள், அயலட்டைச் சனம் சட்டியோடு வந்தது. ரசித்துத்தான் குடித்தார்கள். "அக்கா, கலாதி!" என்று ஒருவர் இரண்டாம் தரமும் பிளாவை நீட்டினார். எனக்கு அவர்கள் மீதும் கோபம் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள், பாவம்? வர வேண்டியவர்கள் அவர்கள் இல்லை என்பதைத் தவிர ஒரு குற்றமும் இல்லை. நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து அகப்பையைப் பிடித்தேன்.

பின்னேரம் முகாமையாளர் படம் கேட்டார். கிடாரத்தை மட்டும் படம் பிடித்து எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு நிமிடத்தில் இதயப் படங்களாகக் குவிந்தன.

திங்கட்கிழமை தங்கச்சி கேட்டார், "எப்பிடி அக்கா போச்சு?"

"நல்லாப் போச்சு. நல்ல சனம்."

ஏன் பொய் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர்கள் வெட்கப்படக்கூடாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அதுவும் பொய். எனக்குத்தான் வெட்கம். அடுத்த மாதக் கூட்டத்தில் தனியாளாக நின்று நிதி சேர்த்த கிளை என்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். "கூழ் அந்தமாதிரியாம், போனவை சொன்னவை," என்றார் கிளிநொச்சிக் கிளைக்காரர். போனவர்கள் சொன்னார்களாம்! மண்டபம் முழுக்க ஓம் ஓம் என்று தலையாட்டியது. தான் ஒருவர்தான் போகவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார். நான் சால்வையோடு நின்று சிரித்தேன்.

இந்த வருடமும் அறிவித்தல் வந்தது. அன்று காலை தங்கச்சி சொன்னார், "அக்கா, இந்தமுறை நீங்கள் சமைச்சுக் கஸ்ரப்பட வேண்டாம். டிக்கெற்றை மட்டும் விடுங்கோ. நாங்கள் எல்லாரும் எடுப்பம்."

நல்ல மனதோடு சொன்னதுதான். எனக்குத்தான் அடக்க முடியவில்லை.

"போனமுறை ஒருத்தரும் வரேல்லை," என்றேன்.

"என்னக்கா?"

"நாப்பது டிக்கெற்றுக்கு ஒரு ஆளும் வரேல்லை."

"ஐயோ அக்கா, நாங்கள் மட்டுந்தான் வரேல்லை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான். ஏன் எனக்குச் சொல்லேல்லை?" பிறகு மெல்லக் கேட்டார், "அக்கா, இந்தச் சனிக்கிழமை நான் வரட்டோ? கூழும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

ஒன்பது வருடமாக அதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். வாரும் என்று சொன்னால் போதும். ஆனால் இவர் என்னைப் பாவம் பார்த்து வருகிறார் என்ற நினைப்பு முந்திக்கொண்டது. என் கோபம் எப்போதும் என்னைவிட ஓரடி முன்னால்தான் நடக்கும்.

"இந்தச் சனிக்கிழமையோ? ஏலாது. எனக்கு வேலை கிடக்கு," என்றேன்.

"அப்ப பிறகு ஒருநாளைக்கு வாறன் அக்கா."

"ஓம், பாப்பம்."

சனிக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. எந்தச் சனிக்கிழமையும் இருந்ததில்லை.