நாலு கடையும் ஒரு மூக்கும்

முலாம்பழத்தைக் கையில் எடுத்ததும் முதலில் தலைகீழாகத் திருப்புவார். காம்புக்கு எதிர்ப்பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்ல அமுக்குவார். பிறகு அந்த இடத்தை மூக்கோடு ஒட்டி வைத்துக் கண்களை மூடிக்கொள்வார். பின்னால் தள்ளுவண்டியோடு நிற்பவர்கள் தொண்டையைச் செருமினாலும் திறக்க மாட்டார். திறந்துவிட்டால் தீர்ப்பு தயார். "இது நாளைக்குத்தான் பழுக்கும். இன்னைக்கே வேணும்னா பச்சைக்கடைக்குப் போகணும்" என்று, பழம் அடுக்குகிறவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

இவர் என் அண்ணி. பள்ளி வேன் ஓட்டுகிறார். தினமும் வண்டியை எடுக்கும் முன் பக்கவாட்டுக் கண்ணாடிகளைத் துடைப்பார். "நமக்கு வழி காட்டுறதை நாமதான் சுத்தமா வெச்சுக்கணும்" என்பார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம் வரை வண்டிக்கு வேலையில்லை. சும்மா நிற்கிற எதையும் அண்ணிக்குப் பிடிக்காது, என் அண்ணனைத் தவிர. அந்த நேரத்தில் நாலு கடைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, எங்கள் அடுக்குமாடியில் பாதி வீடுகளுக்குச் சாமான் அவர் கையால்தான்.

அவற்றில் மூன்று கடைகளுக்கு முறையான பெயர் உண்டு, ஊருக்கு ஊர் கிளையும் உண்டு. அண்ணி வாயில் அவை நீலக்கடை, பச்சைக்கடை, கிடங்கு. மீனுக்கு நீலக்கடை, "அவன் ஐஸ்ல கஞ்சத்தனம் பண்ண மாட்டான்." காய்கறிக்குப் பச்சைக்கடை, அதுவும் லாரி வந்து இறக்குகிற நாளில் மட்டும். மறுநாள் போனால் தண்ணீர் தெளித்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். "அது மேக்கப்பு" என்று ஒதுங்கிவிடுவார். அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கு. ஆனால் அங்கே தக்காளி, வெங்காயம் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. நாலாவது, தெருமுனையில் ஒருவர் தனியாக நடத்தும் சின்னக் கடை. அங்கே எதுவும் மலிவில்லை. இருந்தும் ரொட்டியும் முட்டையும் அங்கேதான். "திடீர்னு பால் தீர்ந்துபோச்சுன்னா பெரிய கடையா ஓடி வரும்? ஆபத்துக்கு உதவுற ஆளை நல்ல நாள்லயும் எட்டிப் பாக்கணும்."

நான் ஒரு தடவை, புத்தி கெட்டுப்போய், கிடங்கில் தக்காளி வாங்கிவிட்டேன். அண்ணி ஒன்றை எடுத்துத் தரையில் மெல்ல உருட்டிவிட்டுப் பார்த்தார். "நாத்தனாரே, இதை சமைக்கணுமா, விளையாடணுமா?" நானும் விடவில்லை, அன்று ராத்திரி வரை இருவரும் ஜாடையாகவே பேசிக்கொண்டிருந்தோம். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்பது உலக வழக்கு. அதை மீறுவானேன் என்று நாங்களும் அவ்வப்போது முட்டிக்கொள்வோம். ஆனால் வெளியாள் யாராவது அவரை ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான்: "போர்டைப் பாத்து வாங்காதே, பொருளைப் பாத்து வாங்கு." நீலக்கடையே ஆனாலும் மீனை மூக்கிடம் காட்டாமல் பையில் போட விடமாட்டார். மீன் பிரிவில் இருப்பவர் அண்ணியின் தலையைக் கண்டாலே மேலே கிடப்பதை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

போன குளிர்காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்து போனது. எங்களை விட்டுச் சும்மா போன காய்ச்சல், அண்ணியிடமிருந்து மட்டும் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. அது எங்களுக்குத் தெரிய வந்தது சில மாதங்கள் கழித்து, வீட்டு வாசலில் வைத்து.

அன்று கீழ்வீட்டு டீச்சருக்குச் சம்பந்தி வீட்டார் முதல் தடவையாகச் சாப்பிட வருவதாக இருந்தது. மீன் வாங்கிக் கொடுத்தவர் அண்ணி. கொஞ்ச நேரத்தில் டீச்சர் அந்தப் பையோடு மேலே ஏறி வந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. மீன் ஒரு மாதிரி வாடை அடிக்குது."

அண்ணி பையை வாங்கி மூக்கருகே வைத்துக் கண்களை மூடினார். "நல்லாத்தானே இருக்கு டீச்சர்? நீலக்கடை மீனாச்சே."

ஹாலில் உட்கார்ந்திருந்த நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டான். டீச்சர் என்னைப் பார்த்தார், நான் அண்ணியைப் பார்த்தேன். கண்ணைத் திறந்தவருக்கு எங்கள் முகங்களே பதில் சொல்லிவிட்டன. "பரவாயில்லக்கா, நான் வேற ஏதாவது பண்ணிக்கிறேன்" என்று டீச்சர் இறங்கிப் போனார். பாவம், அவருக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை.

அண்ணி நேராகச் சமையலறைக்குப் போய்க் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே புதைத்தார். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் தூள் ஒட்டியிருந்தது.

"ஒரு வாசனையும் தெரியல. காய்ச்சல் வந்ததுலேர்ந்தே இப்படித்தான். டாக்டர், வரலாம், வராமலும் போகலாம்னு சொல்லிட்டாரு. கண்ணும் கையும் இருக்கே, சமாளிச்சிடலாம்னு இருந்தேன்." டப்பாவை மூடி வைத்துவிட்டு, "கடைசியில நானே போர்டைப் பாத்து வாங்கிட்டேனே" என்றார். பிறகு, "இனிமே யாருக்கும் வாங்கித் தரல. அவங்கவங்க போன்ல ஆர்டர் போட்டுக்கட்டும்" என்று முடித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

அதன்பின் சில வாரங்கள் வேன் மத்தியானம் வரை பள்ளிக்கூடத்து மதிலோரமே நின்றது. அண்ணி உள்ளேயே உட்கார்ந்திருப்பார். போன் ஆர்டரில் வீட்டுக்கு வந்த வெண்டைக்காய் முற்றல், மாம்பழம் வெம்பல். அண்ணி அதையெல்லாம் நறுக்கிக்கொண்டே இளைத்துப்போனார்.

என் அண்ணனுக்கு அச்சகத்தில் ராத்திரி ஷிப்ட். பகலில் பேப்பர், அதற்கப்புறம் தூக்கம். கடைக்குள் கால் வைத்தவனே இல்லை. பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள் காலையில் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வேன் பக்கத்தில் வந்து நின்றான்.

"என் மூக்கு சும்மாதானே இருக்கு. கூட்டிட்டுப் போ."

"உங்க மூக்கு குறட்டை விடத்தான் லாயக்கு."

"வேற வேலையும் கத்துக்கட்டுமே."

அண்ணி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வேனில் ஏறாமல் அவனையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். பின்னாலேயே போன என் காதில் அண்ணி சொன்னது விழுந்தது. "டீச்சர், எனக்கு வாசனை தெரியாமப் போச்சு. அதான் அன்னைக்கு அப்படி ஆச்சு. இனிமே கண்ணும் கையும் என்னது, மூக்கு இவரோடது. நம்பிக்கை இருந்தா என்ன வேணும்னு சொல்லுங்க."

டீச்சர் அண்ணனின் மூக்கை ஒரு கணம் பார்த்தார். "மீன் வேணும்க்கா" என்றார்.

அண்ணி அதோடு நிற்கவில்லை. சாமான் வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறி இறங்கி அதையே சொன்னார். தலை குனியவில்லை, குரலும் இறங்கவில்லை. இந்தப் பெண்பிள்ளை என் அண்ணி என்று சொல்லிக்கொள்ள எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது. நாத்தனார் வாயிலிருந்து இது வருவது லேசில்லை, எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் படித்த பாடம் பெரும்பாடு. முதல் நாள் நீலக்கடையில் மீனை முகர்ந்துவிட்டு, "மீன் வாடைதான் அடிக்குது" என்றானாம். "பின்னே ரோஜா வாசமா அடிக்கும்? கடல் வாடையா, சாக்கடை வாடையா, அதைச் சொல்லுங்க" என்று அண்ணி போட்ட போட்டில், மீன் பிரிவில் இருந்தவரே கடல் வாடைதான் என்று தலையிட வேண்டியதாயிற்று. இப்போது வண்டியில் ஏறும்போதே எந்தக் கடையில் எது என்று அண்ணன் ஒப்பிக்கிறான்.

போன வாரம் நானும் அவர்களோடு பச்சைக்கடைக்குப் போயிருந்தேன். அண்ணி ஒரு முலாம்பழத்தை எடுத்துத் திருப்பினார், கட்டைவிரலால் அமுக்கினார், பழக்கத்தில் தன் மூக்கருகே கொண்டுபோய்க் கண்களையும் மூடிவிட்டார். ஒரு கணம்தான். கண்ணைத் திறந்து, பழத்தை அண்ணன் முகத்தருகே நீட்டினார். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, அவரைப் போலவே கண்ணை மூடிக்கொண்டான். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவன் திறக்கவில்லை. கடைசியில் இல்லை என்று தலையாட்டினான். அண்ணி பழத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். கைக்குட்டையை எடுத்து, அண்ணனின் மூக்கு நுனியில் ஒட்டியிருந்த தூசியை அழுத்தித் துடைத்துவிட்டார். பிறகு அடுத்த பழத்தை எடுத்தார்.