யாகப்பர் என்று நினைத்துக் கும்பிட்ட பிரபு

ஹனோவருக்கு வெளியே ஒரு கிராமத்துக் கோயிலில், யாரென்றே தெரியாத ஒரு கல் மனிதரின் முன்னால் இரண்டு மாதம் முழங்காலில் நின்றிருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு இருந்த ஒரே பிடிமானம் அதுதான்.

கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையம் வழியாக வந்து இறங்கியவர்களில் நானும் ஒருவன். அகதி மனுக் கொடுத்ததும் அந்தக் கிராமத்தில் ஒரு பழைய விடுதியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வேலை செய்ய அனுமதியில்லை. சும்மா இருக்கவும் விடவில்லை, கோயில் வளவில் இலை கூட்ட அனுப்பினார்கள். முதல் நாளே கால் விறைத்து உள்ளே ஒதுங்கியபோது அவரைக் கண்டேன். சுவரோடு ஆளுயரக் கல். இரும்புக் கவசம், கையில் வாள், தலைக்கு மேலே கேடயத்தில் பாயும் குதிரை. நான் மன்னார்க் கத்தோலிக்கன். வாளும் குதிரையும் எங்களுக்கு ஒருவருக்குத்தான் உண்டு, அவர் புனித யாகப்பர். இந்தக் குளிருக்குள்ளும் வந்து நிற்கிறாரே என்று அங்கேயே முழங்காலில் நின்றுவிட்டேன்.

என் மனைவி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில், பயணம் ஒழுங்கு செய்பவனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்து ஐந்தாம் மாதம் பிரிந்தவர்கள் நாங்கள். கல்லின் முன்னால் நேர்த்தி வைத்தேன். "யாகப்பரே, அவளை என்னட்டைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அவளின்ரை உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துறன்." ஊரில் அப்படித்தான் செய்வோம். அதுவரைக்கும் தினமும் ஒரு சின்னத் திரியை அவர் காலடியில் ஏற்றி வைத்தேன்.

கோயிலைப் பராமரித்த பெண்மணி ஒருநாள் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தார். வயது அறுபதுக்கு மேல், குரல் மட்டும் இருபது. மெழுகு வழிந்த கல்லைக் காட்டிக் கத்தினார். நான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "புனிதர். என் மனைவி. விமானம்" என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து மர வாங்கில் இருந்துவிட்டார்.

"இது புரட்டஸ்தாந்துக் கோயில். இங்கே புனிதர்கள் இல்லை" என்றார் பிறகு. "இவர் இந்த ஊர்ப் பிரபு. போர்வீரர்."

அதன்பின் நான் கூட்டி முடிக்கும்போதெல்லாம் ஒரு கோப்பிக் கோப்பையோடு வந்து, பாதி பேச்சிலும் பாதி கையிலுமாக அந்தப் பிரபுவின் கதையைச் சொன்னார். நிலமில்லாத இளைய மகன். மீசை முளைக்குமுன் படைக்குப் போனவர். முப்பது வருடம் இழுபட்ட அந்தப் பெரிய போரில் முதலில் பேரரசர் பக்கம், பிறகு சுவீடன்காரர் பக்கம், பிறகு மறுபடியும் பேரரசர் பக்கம். பிடிபட்டார், மீண்டார், போகும் வழியிலிருந்த கிராமங்களைக் கொளுத்தினார். அவருடைய சொந்த மாளிகையை வேறொரு படை கொளுத்தியது. மனைவி பதினொரு வருடம் உறவினர் வீடுகளில் ஒண்டிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார். கடைசியில் பிரபு ஒரு கால் இழுபட வீடு வந்து, கட்டிலில் செத்தார். இந்தக் கல்லை நாட்டியது மனைவிதான். தன்னையும் கீழ் மூலையில், முக்காடும் குவித்த கையுமாக, ஒரு சாண் உயரத்தில் செதுக்கச் சொன்னாராம்.

கிராமங்களைக் கொளுத்தினார் என்றதைத் தவிர எனக்கு மற்றது ஒன்றும் காதில் ஏறவில்லை. எங்கள் தெருவைக் கொளுத்தியவர்களும் படைக்காரர்தான். "ஆமிக்காரனுக்கோ நான் இவ்வளவு நாளும் திரி கொளுத்தினனான்!" என்று கல்லைப் பார்த்துத் தமிழிலேயே ஏசினேன். அவர் அசையவில்லை, முன்பும் அசைந்ததில்லை.

அந்தக் கிழமைதான் மனைவி விமானம் ஏறிவிட்டாள் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. நேர்த்தியைப் பிழையான ஆளிடம் வைத்ததால்தான் இப்படியென்று அந்தப் பெண்மணியிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "உங்கள் மனைவி எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். காது மட்டத்தில் கையை வைத்துக் காட்டினேன். என் விளக்குமாற்றுத் தடியை வாங்கி அந்த உயரத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டார். பீடத்தில் எரிந்து மிஞ்சிய திரிகளையெல்லாம் சேர்த்து உருக்கத் தொடங்கினார்.

"புனிதர் இல்லாவிட்டால் என்ன, மெழுகு இருக்கிறது" என்றார்.

பத்தாம் நாள், மனைவிக்கு நான் எழுதி அனுப்பியிருந்த அந்தப் பெண்மணியின் வீட்டுத் தொலைபேசிக்கு, மேற்கு பேர்லினின் நொய்கெல்ன் பகுதியிலிருந்து ஒரு தமிழர் எடுத்தார். தன் வீட்டில் ஒரு பெண் காய்ச்சலோடு படுத்திருக்கிறாள், என் பெயரைச் சொல்கிறாள் என்றார். என்னால் போக ஏலாது. மாவட்ட எல்லையைத் தாண்டிப் பிடிபட்டால் என் வழக்கே கெட்டுவிடும். இருந்தாலும் போவதென்றுதான் சப்பாத்தைக் கட்டினேன். அந்தப் பெண்மணி என்னைப் பிடித்து இருத்திவிட்டு, தன் பழைய காரில் கிழக்கு ஜெர்மனியை ஊடறுத்துத் தானே போனார்.

இரண்டு நாள் கழித்துக் கோயில் வாசலில் காரை நிறுத்தினார். அவரது கம்பளிக் கோட்டைக் காணவில்லை. முகத்தைப் பார்த்தால் கோபம் போல இருந்தது.

"நீங்கள் காட்டியது பிழை. அவர் அவ்வளவு உயரமில்லை. மூன்று விரல் வெட்ட வேண்டும்" என்றார்.

அப்போதுதான் நம்பினேன். கூட்டிய இலைக் குவியலிலேயே இருந்து, வாய்விட்டு அழுதேன். அந்த மனுஷிக்கு நான் பட்ட கடன் எந்த மொழியிலும் சொல்லித் தீராது.

நாலு மாதம் கழித்துக் கடதாசிகள் சரிவந்து, அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு மனைவி வந்தாள். மறுநாளே கோயிலுக்குக் கூட்டிப்போனேன். மூன்று விரல் வெட்டிய திரி சுவரோடு சாத்தியிருந்தது. கல் மனிதர் புனிதர் இல்லை என்பதையும் கிராமங்களைக் கொளுத்தியவர் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. குனிந்து, கீழ் மூலையில் இருந்த ஒரு சாண் மனைவியின் முகத்தில் விரலை வைத்தாள்.

"இவ எத்தினை வருசம் பார்த்துக்கொண்டு இருந்தவ?"

"பதினொரு வருசம்."

"திரியை இவவுக்கு முன்னாலை வையுங்கோ" என்றாள்.

மெழுகு வழிந்ததற்காக அன்று என்மேல் கத்திய பெண்மணிதான், சட்டைப் பையிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார்.