கடைசி இரண்டு வட்டங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதக் காலையில் நடந்தது இது. இடம், நெய்யாற்றின்கரைக்கு வெளியே கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட ஒரு பெரிய பள்ளம். அதைச் சீர்செய்துதான் எங்கள் ரைபிள் கிளப் துப்பாக்கி சுடும் தளம் அமைத்திருந்தது.

எனக்குக் காரோடு என்ற ஊரில் வீடு, பாறசாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. கல்லூரியில் என்.சி.சி.யில் பிடித்த பாயிண்ட் டூ டூ ரைபிளை, குழந்தைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மறுபடியும் பிடித்தேன். "சோறு வைக்கிற கையில துப்பாக்கியா?" என்று கேலி செய்த மாமியார் உட்பட வீட்டில் எல்லோருக்கும், நான் மாவட்ட அணியில் இடம்பிடித்துக் காட்டுவேன் என்று சவால் விட்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் போட்டிக்கு முந்தின நாள் மாலை, எனக்கு ஒதுக்கியிருந்த கிளப் துப்பாக்கியைத் துடைத்து வைக்கப் போனேன். துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய் டப்பா காலி. காவலாளி பப்படம் பொரிக்க வைத்திருந்த தேங்காயெண்ணெய் பாட்டில் கண்ணில் பட்டது. எங்கள் ஊரில் தேங்காயெண்ணெய் படாத பொருள் ஏது? தலைக்கும் அதுதான், தோசைக்கல்லுக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் தையல் மெஷினுக்கும் அதுதான். துப்பாக்கிக்கு மட்டும் ஆகாதா என்று, குண்டை உள்ளே தள்ளும் போல்ட் முழுக்கத் தாராளமாகவே தடவினேன். போல்ட் வழுக்கிக்கொண்டு போனது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் நல்ல குளிர். எங்கள் முறை வருவதற்காகப் பள்ளத்தின் மேலே காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு அக்கா பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கொல்லயில் என்ற ஊர்ப் பக்கம் வீடு, அரசு பஸ்ஸில் கண்டக்டர். சொந்தத் துப்பாக்கி வைத்திருந்தார். அதை மடியில் கிடத்திப் பிள்ளையைத் துடைப்பது போலத் துடைத்தார்.

"எத்தன வருசமா சுடுறீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"வருசம் கொறய ஆச்சு. ஆனா இது கடேசியாக்கும் மக்களே. சுகர் கண்ணுல ஏறியாச்சு. அடுத்த வருசம் இந்தக் கண்ண நம்பண்டாம்னு டாக்டர் சொல்லியாச்சு."

நான் தினமும் எத்தனையோ பேருக்குச் சர்க்கரை பார்த்துக் கொடுக்கிறவள். அது கண்ணில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ஒருக்கா மாநிலப் போட்டிக்குப் போவணும். ஜெயிக்க ஒண்ணும் வேண்டாம். அங்க தரையில போட்டிருக்க அந்த வெள்ளக் கோட்டுக்குப் பின்னால ஒருக்கா கெடந்து சுடணும், அவ்வளவுதான். ஒவ்வொரு வருசமும் ஒண்ணு ரெண்டு பாயிண்ட்ல விட்டுப்போவுது" என்றார் சிரித்தபடி.

மாநிலப் போட்டிக்குப் போகும் மாவட்ட அணியில் மூன்று பெண்களுக்குத்தான் இடம். முதல் இரண்டு இடத்தைத் தொடவே முடியாது, அங்கே பிஞ்சு வயதிலேயே பயிற்சி எடுத்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூன்றாவது இடத்துக்குத்தான் மற்ற எல்லோருக்கும் போட்டி.

கவிழ்ந்து படுத்துச் சுடும் போட்டி அது. இருபது குண்டு, இருபது நிமிடம். இரண்டு அட்டை, ஒவ்வொன்றிலும் பத்து வட்டம் அச்சடித்திருக்கும். ஒரு வட்டத்துக்கு ஒரு குண்டு என்று வரிசையாகச் சுட வேண்டும். நட்டநடுவில் பட்டால் பத்து பாயிண்ட், விலக விலகக் குறையும். எனக்கு இடதுபக்கத்துப் பாயில் அந்த அக்கா படுத்திருந்தார். அவர் நிதானமாகச் சுடுகிறவர். ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் ஒரு வாய் சாயா குடித்துவிடலாம்.

எனக்கு ஆரம்பம் நன்றாகவே இருந்தது. நடுவில் ஒரு முறை விசையை அழுத்தியபோது "டக்" என்ற சத்தம் மட்டும் வந்தது. குண்டு வெடிக்கவில்லை. மட்டமான குண்டு என்று வேறொன்று போட்டேன். அது வெடித்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் "டக்". அப்புறம் தொடர்ந்து "டக்", "டக்" தான். இந்தச் சின்னக் குண்டின் பின்விளிம்பில் ஊசி ஓங்கி இடித்தால்தான் வெடிக்கும். என் துப்பாக்கியின் ஊசி தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. கையை உயர்த்தினேன்.

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மலையாளி. போல்ட்டைக் கழற்றி விரலால் தொட்டார். வெள்ளையும் கறுப்புமாக மெழுகு போல ஒட்டிக்கொண்டு வந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

"இதெந்தா மோளே, பப்படத்தின்றெ மணம்?" என்றார். இதென்ன மகளே, பப்பட வாசனை என்று கேட்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலை குளித்துவிட்டுத் தலைக்கு வைக்க, உறைந்துபோன எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கியவள் நான். அதே எண்ணெய் துப்பாக்கிக்குள்ளும் உறைந்து, சுடச் சுடக் கரியும் சேர்ந்து ஊசியை இறுக்கும் என்று என் மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. மானம் போனது.

வேறு துப்பாக்கி கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நேரம் நிற்காது என்றார் அதிகாரி. கிளப் துப்பாக்கிகள் எல்லாம் மற்றவர்கள் கையில் இருந்தன. எனக்கு இன்னும் எட்டு வட்டம் பாக்கி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மாமியாரின் முகம் வேறு முன்னால் வந்து நின்றது.

அந்த நேரத்தில் இடதுபக்கப் பாயிலிருந்து "டப், டப்" என்று அடுத்தடுத்து இரண்டு சத்தம் கேட்டது. நான் அதை யோசிக்கவில்லை. அக்கா கையை உயர்த்தி, "சாரே, எனக்கு முடிஞ்சாச்சு. என் துப்பாக்கிய இவளுக்குக் குடுங்க" என்றார்.

அதிகாரி அவர் துப்பாக்கியைச் சோதித்து எடுத்து வந்து என் பாயில் வைத்தார். எழுந்து பின்னால் போகும்போது அக்கா மெல்லிய குரலில் சொன்னார்: "குறி பாக்குற சைட்ட ஒண்ணும் தொடாத. நல்லா ஒத்து வச்சிருக்கேன். பதறாம அமுக்கு, மக்களே."

நல்ல துப்பாக்கி என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் சுட்டேன் என்பதைவிட அது சுட்டது என்பதுதான் சரி. கடைசி வட்டத்தைச் சுட்டு முடித்து மூச்சு விடுவதற்குள் "ஸ்டாப்" சொல்லிவிட்டார்கள்.

மதியம் கிளப் செயலாளர் முடிவைப் படித்தார். மூன்றாவதாக என் பெயர். எழுந்து குதித்தேன், பக்கத்தில் யாரென்று பார்க்காமல் கட்டிப்பிடித்தேன். அடுத்ததாக நான்காவது பெயரைப் படித்தார். அந்த அக்கா. ஒரே ஒரு பாயிண்ட் குறைவு.

எல்லோருடைய அட்டைகளையும் பலகையில் குத்தி வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். அக்காவின் அட்டைகளில் வட்டத்துக்கு வட்டம் பத்தும் ஒன்பதுமாக இருந்தது. கடைசி இரண்டு வட்டங்களில் மட்டும் எட்டு, எட்டு. அந்த "டப், டப்" அப்போதுதான் என் காதில் ஒழுங்காகக் கேட்டது. அவருக்கு நேரம் எவ்வளவோ பாக்கி இருந்தது. எனக்குத் துப்பாக்கி தர வேண்டும் என்று அந்த இரண்டையும் அவசரமாகச் சுட்டுத் தள்ளியிருக்கிறார்.

நேராகச் செயலாளரிடம் போய், நான் விலகிக்கொண்டால் நான்காவதாக வந்தவர் போகலாமா என்று கேட்டேன். போகலாம் என்றார். ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தேன். துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க போங்க. அது உங்க எடம். நான் அடுத்த வருசம் பாத்துக்கிடுவேன்."

"சும்மா இரிட்டி. நீ சுட்டது நீ சுட்டதாக்கும்."

"நீங்க எனக்காவ அவசரப்பட்டுச் சுட்டீங்க. அட்டையப் பாத்தேன்."

அவர் உறையை இழுத்து மூடினார். பிறகு என் பின்னாலேயே வந்திருந்த செயலாளரைப் பார்த்துக் கண்டக்டர் குரலை எடுத்துக்கொண்டார். "நான் ஏத்தின ஆள இதுவரைக்கும் பாதி வழியில எறக்கிவிட்டது இல்ல. இவ போவலேண்ணா நானும் போமாட்டேன் சாரே, இவ பேரயே எழுதுங்க."

எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. போகும்போது, "அங்கயும் தேங்காயெண்ணெ தேச்சிராத!" என்று எல்லோரும் கேட்கக் கத்திவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

மாநிலப் போட்டிக்குப் போனேன். அந்த வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் படுத்தேன். படுத்த நிமிடத்திலிருந்து, இங்கே ஒருக்கா கெடந்து சுடணும் என்று அக்கா சொன்னதுதான் மனதில் ஓடியது. குறியில் மனம் நிற்கவில்லை. பட்டியலில் என் பெயரைக் கீழேயிருந்து தேட வேண்டியிருந்தது. அந்த இடத்தை வாங்கி வீணடித்துவிட்டேனே என்று வரும் வழியெல்லாம் நொந்துகொண்டேன்.

போன வருடம் பஸ் டிப்போவின் விசாரணைக் கவுண்டரில், பாறசாலை பஸ் எப்போது என்று கேட்டேன். உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என் குரல் கேட்டு முகத்தைத் திருப்பினார். அது என் தோளுக்கு அப்பால் எங்கேயோ பார்த்து நின்றது.

"ஆரு, தேங்காயெண்ணெயா?"

நான்தான் அக்கா என்றேன். பஸ்ஸில் வேலை பார்க்கக் கண் ஒத்துழைக்கவில்லை, இங்கே உட்கார்த்தி வைத்துவிட்டார்கள் என்றார். துப்பாக்கியையும் கொடுத்துவிட்டாராம். பிறகு அவரே கேட்டார்.

"அந்த வெள்ளக் கோட்டுக்குப் பின்னால கெடந்தியே, எப்படி மக்களே இருந்து?"

நன்றாக இருந்தது அக்கா என்று சொன்னேன். தளம் எவ்வளவு நீளம், காற்றுக்குக் கொடி எப்படி ஆடியது, எத்தனை பேர் வரிசையாகப் படுத்திருந்தோம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். என் பஸ் வந்து போய்விட்டது.

மார்கழியில் வீட்டு எண்ணெய் உறையும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. உதவி வாங்கியவள் இப்படி நினைக்கக் கூடாதுதான். ஆனாலும், அன்று அவர் என் பக்கம் திரும்பாமல், தன் கடைசி இரண்டு வட்டங்களைத் தன் வழக்கம்போல நிதானமாகச் சுட்டிருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.