தெற்குப் பார்த்த கொட்டகை

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் ரத்னவேல் வேலை பார்த்த காலமெல்லாம் உயிருள்ள சரக்குதான் அவர் பொறுப்பு. நாய்க்குட்டி வரும், வண்ண மீன் வரும், சில சமயம் பாம்புகூட வரும். ஆனால் குதிரை வருகிறதென்றால் மனிதர் தலைக்குக் குளித்து விபூதி பூசிக்கொண்டுதான் கிளம்புவார். பெண் பார்க்கவா போகிறீர்கள் என்று மனைவி சிவகாமசுந்தரி கேலி செய்வாள். குதிரையைக் கூண்டில் ஏற்றி, அது மிரளாமல் இருக்கக் கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே நிற்பார். விமானத்தின் கதவு மூடியதும் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். எந்தக் குதிரையோடும் ஒரு பொழுதுக்கு மேல் பழகக் கொடுத்துவைக்கவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது.

ஓய்வு பெற்றதும் தெம்பனிஸ் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு, கீழே காப்பிக் கடையில் நாலு பேரோடு அரட்டை அடித்துக்கொண்டு இருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எங்கே! தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எம்ஆர்டி ரயில் பிடித்து, பஸ் மாறி, வடமேற்கே வெரோனிகா நடத்தும் குதிரையேற்றப் பள்ளியில் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். தஞ்சோங் பகாரில் அலுவலகம் போகும் மகள் சுஷ்மிதாவுக்கு அப்பா சாணி அள்ளுகிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. குதிரைப் பராமரிப்பு என்பதை இங்கிலீஷில் "எக்வைன் கேர்" என்று சொல்லிவைத்தாள். ரத்னவேலுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போய், சாணி அள்ளும்போதெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொள்வார்.

அங்கேதான் பாண்டான் இருந்தது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிழட்டுப் பெண்குதிரை. சவாரி பழக வந்த பிள்ளைகள் வைத்த பெயர் அது. பாவம், அதற்கு ஒரு கோளாறு. இந்த ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வை அப்படியே நின்றுபோகும். வியர்க்காமல் இருந்தால் நமக்கெல்லாம் எவ்வளவு சௌகரியம் என்று தோன்றும். குதிரைக்கு அது எமன். உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் மூச்சு வாங்கி, கடைசியில் சுருண்டு விழுந்துவிடும். நிழலும் காற்றும் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பாண்டான் சில வாரங்களாக லாயத்தில் கட்டினால் கதவை உதைத்தது. திடலில் விட்டால் போய்க் கேட் பக்கம் வெயிலிலேயே நின்றது. அங்கே காற்று வருகிறது போலிருக்கிறது என்று ரத்னவேல் நினைத்துக்கொண்டார்.

கால்நடை மருத்துவர் ஹம்னா வந்து சூடு பார்த்தார். முகம் சரியில்லை. திங்கட்கிழமை மறுபடி வருவதாகவும், அதுவரை இது நிழலில் நிற்கப் பழகாவிட்டால் ஊசி போட்டுத் தூங்க வைப்பதுதான் தர்மம் என்றும் வெரோனிகாவிடம் மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். என்ன தூக்கம் என்று யாரும் கேட்கவில்லை. ரத்னவேல் அன்று மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

வெரோனிகா சும்மா இருக்கிறவர் அல்ல. எங்கெங்கோ பேசி மறுநாளே ஒரு நகரும் கொட்டகையை வரவழைத்துவிட்டார். மூன்று பக்கம் பலகை, மேலே கூரை, முன்பக்கம் முழுக்கத் திறப்பு. அடியில் சறுக்குவண்டிபோல இரண்டு இரும்புச் சட்டம். டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தால் திடலில் எங்கே வேண்டுமானாலும் போகும். ஒரே இடத்தில் கிடந்தால் தரை சேறாகிவிடும் என்பதற்காக அப்படிச் செய்வார்கள். எங்கே வைக்கலாம், எந்தப் பக்கம் திருப்பலாம் என்று வெரோனிகா கேட்டார். ரத்னவேலுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீடென்றால் மேட்டில் இருக்க வேண்டும், வாசல் கிழக்கே பார்க்க வேண்டும். அப்படியே வைத்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்ட சிவகாமசுந்தரி, புது வீட்டில் பால் காய்ச்சாமல் யாராவது குடிபோவார்களா என்று கேட்டாள். வாசல் விஷயத்தில் அவள் கறார். தெம்பனிஸில் வீடு தேடியபோது, தெற்கு வாசல் என்ற ஒரே காரணத்துக்காக அருமையான வீட்டைத் தட்டிக்கழித்தவள். தேக்கா சந்தைக்குப் போய் மாவிலையும் சாம்பிராணியும் வாங்கிக்கொண்டு, கையடக்க அடுப்போடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொட்டகை வாசலில் கோலம் போட்டு, பால் பொங்கவிட்டு, மூலை முடுக்கெல்லாம் புகை காட்டினாள். கத்தோலிக்கரான வெரோனிகாவும் தன் பங்குக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். இத்தனை பேர் ஆசீர்வாதம் எந்தக் குதிரைக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

பாண்டான் வாசல் வரை வந்தது. உள்ளே ஒரு பார்வை பார்த்தது. திரும்பிப் போய் வெயிலில் நின்றுகொண்டது.

கேரட் காட்டினார்கள், வரவில்லை. வெல்லம் வைத்தார்கள், கழுத்தை நீட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. கயிறு கட்டி உள்ளே கூட்டிப்போனால், விட்டதும் வெளியே வந்தது. ரத்னவேல் குழாயைப் பிடித்துக்கொண்டு பகலெல்லாம் அதன்மேல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து, அது ஏனோ உள்ளே போக மாட்டேன் என்கிறது என்று ஒரு வரிதான் சொன்னார். சிவகாமசுந்தரிக்குச் சுருக்கென்றது. தான் போட்ட புகைதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு வாயில்லா ஜீவன் சாவதற்கு நாம் காரணமாகிவிட்டோமே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளும் கூடவே போனாள். வாளியும் துடைப்பமுமாகக் கொட்டகையின் பலகைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மாவிலையை அறுத்தெறிந்தாள். சாம்பிராணி வாசம் துளிகூட இல்லை. பாண்டான் அப்போதும் வரவில்லை. விலா எழும்பி எழும்பி இறங்க, கேட்டைப் பார்த்தபடி அங்கேயே நின்றது. களைத்துப்போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்தவளுக்குத் திறந்த பக்கம் வழியாக வேலியும் புதரும்தான் தெரிந்தன.

"என்னங்க, நானும் வந்ததுலேருந்து பார்க்கிறேன். கேட்டையே பார்த்துக்கிட்டு நிக்குதே. யாரைத் தேடுது?"

ரத்னவேல் குழாயை மூடினார். பிறகு அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து சொன்னார். லாயத்தில் பாண்டானுக்குப் பக்கத்து அறையில் கோப்பி என்று ஒரு பழுப்புக் குதிரை இருந்தது. இரண்டும் நடுத் தடுப்பின்மேல் தலையை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று சொறிந்துவிட்டபடி நிற்கும். கோப்பியின் சொந்தக்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குக் குடிபோனார். குதிரையையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். பாண்டான் பெர்த்துக்கெல்லாம் பறக்க முடியாத கிழம், அது இங்கேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் லாயத்தில் நிற்க மறுத்தது.

"அந்த கேட் வழியாத்தான் லாரி போச்சு. நான்தான் அவனை ஏத்திவிட்டேன்" என்றார். "எத்தனை குதிரை அனுப்பியிருக்கேன் சுந்தரி. போறதைத்தான் பார்த்திருக்கேன். விட்டுட்டுப் போனது இங்க நிக்கிறதைப் பார்த்ததே இல்ல."

அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். பார்க்காததுபோல் முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேட்டில் இருக்கும் கொட்டகை, கிழக்கே பார்த்த வாசல். உள்ளே நின்றால் பலகைதான் கேட்டை மறைக்கிறது. கேட் இருப்பதோ தெற்கே. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தெற்கே திருப்புங்க."

ரத்னவேல் நிமிர்ந்து பார்த்தார். "நீயா சொல்றே?"

"வீடு எனக்கா? அவளுக்குத்தானே. எழுந்திரிங்க லா, வெயில் ஏறுது."

வெரோனிகா பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து நேராக வந்திருந்தார். நல்ல புடவை கெடுமே என்றுகூடப் பார்க்காமல் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார். ரத்னவேல் சங்கிலியை மாட்டினார். மேட்டிலிருந்து கொட்டகை முனகிக்கொண்டு இறங்கியது. சிவகாமசுந்தரி முன்னால் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தாள். திடலின் நடுவில், கேட் முழுசாகத் தெரிகிற இடத்தில், சுத்தமாகத் தெற்கே பார்த்து நிறுத்தினார்கள். கோலமும் இல்லை, பாலும் இல்லை. மூன்று பேரும் வேலியோரம் ஒதுங்கிக்கொண்டார்கள்.

பாண்டான் ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு தானாக நடந்து வந்தது. கொட்டகைக்குள் போய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி, கேட்டைப் பார்த்து நின்றது. அங்கேயே நின்றுகொண்டது. வெரோனிகா மின்விசிறிக்கு வயர் இழுக்க ஓடினார்.

மறுநாள் ஹம்னா வந்தபோது சிவகாமசுந்தரியும் இருந்தாள், வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மருத்துவர் சூடு பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார். கொண்டுவந்த பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு, இப்படியே இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவருடைய கார் கேட்டைத் தாண்டும்போது பாண்டான் காதை நிமிர்த்தியது. கார் போனதும் காது பழையபடி தளர்ந்தது.

சிவகாமசுந்தரிக்கு அது தாங்கவில்லை.

"அவன் இனிமே வரமாட்டான்னு யாருங்க அவகிட்டச் சொல்றது?"

ரத்னவேல் பாண்டானின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கையை எடுக்கவில்லை.

"சொல்ல வேணாம் சுந்தரி. நிழல்ல நின்னு பார்க்கட்டும்."