பாயிடம் வாங்கிய வண்டி

குண்டடத்துக்கு முன்னால் ஒரு நீண்ட ஏற்றத்தில், பனியன் காலர் மூட்டை ஏற்றிய குட்டியானை வேன் ஒன்று என்னுடைய ஸ்போர்ட்ஸ் காரை முந்திக்கொண்டு போனது. நான் ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்துப் பிடித்திருந்தேன். எஞ்சின் முனகியதே தவிர, முள் அறுபதைத் தாண்ட மாட்டேன் என்று நின்றது. வேன் டிரைவர் என் ஜன்னலுக்கு நேராக வந்தபோது திரும்பிப் பார்த்தார். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து சீட்டில் பூக்கூடையை மடியில் வைத்திருந்த என் மனைவி, "ஏனுங்க, கோயிலுக்கு நம்ம பழைய வண்டியவே எடுத்துட்டு வந்திருக்கலாமுங்களே" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு இந்த வண்டியை விற்ற கட்பீஸ் பாயின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இந்த மனுசன் நம்மை ஏமாற்றிவிட்டாரோ என்ற கேள்வி அந்த ஏற்றத்தில்தான் எனக்குள் முளைத்தது.

பாயை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு குடோன் வைத்திருக்கிறார். என்னுடையதைப் போன்ற பனியன் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணிகளை மூட்டை மூட்டையாக எடுத்து, தரம் பிரித்து, வெளியூர்க்காரர்களுக்கு விற்பது அவர் தொழில். இந்தத் தொழிலில் மூட்டையை வாங்குகிறவன் முதலில் கத்தியை எடுப்பான். மேலே நல்ல காட்டன் இருக்கும், அடியில் நனைந்த துணியோ பாலியஸ்டரோ கிடக்கும். அதனால் மூட்டையின் வயிற்றைக் கிழித்து, தோள்வரை கையை விட்டு, அடித்துணியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். பாயின் மூட்டையை மட்டும் யாரும் கிழித்ததில்லை. "என்ன பாய் இருக்குது?" என்று கேட்பார்கள். "காட்டன்தானுங்க. அடியில நாலஞ்சு துண்டு கலப்படம் கெடக்கும், சொல்லிப்போட்டேன்" என்பார். அவ்வளவுதான், லாரியில் ஏறிவிடும். "மேல்துணியக் கண்ணு பாத்துக்கும், அடித்துணிய நாந்தானுங்க சொல்லோணும்" என்று அவர் அடிக்கடி சொல்வார். மனிதர்கள் இப்படிப் பேசுவதைக் கேட்டுச் சேர்த்துவைக்கிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட இப்படிக் காதில் விழுந்ததில்தான் நான் அதிகம் கற்றிருக்கிறேன்.

காரை அவரும் புதிதாக வாங்கவில்லை. கம்பெனியை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போன ஒரு ஏற்றுமதிக்காரரிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். இரண்டே கதவு, தரையை ஒட்டிய உடம்பு, வெயிலில் வெளுத்த சிவப்பு. வயதில் என் மூத்த மகளைவிடப் பெரியது. பாய்க்கு முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோது, எத்தனையோ வருடமாக அதன்மேல் கண் வைத்திருந்த நான் கேட்டேன். ஒரு காலையில் என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். திருமுருகன்பூண்டியில் சிலைக்காரர்கள் கல் கொத்துகிற சத்தத்தை அமுக்கிக்கொண்டு வண்டி சீறியது. முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. "பெயிண்டு போச்சுங்க, சீட்டு கிழிஞ்சிருக்குது, ஏசி அரைமனசாத்தான் ஓடும். எஞ்சினுக்கு மட்டும் நான் பொறுப்புங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் வாங்கினேன்.

சந்தேகம் வந்துவிட்டால் பழைய ஞாபகமெல்லாம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ஏன் காலை நேரத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்? குளிர்ந்த எஞ்சின் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும் என்று தெரிந்துதானா? ஏன் பூண்டிப் பக்கம்? அங்கே ஏற்றம் இல்லை என்பதாலா? ஏன் சின்னக் குறையையெல்லாம் தானாகவே எடுத்துச் சொன்னார்? பெரிய குறையை மறைக்கத்தானே? பதினைந்து வருடம் எந்தக் குணத்துக்காக அவரை மதித்தேனோ, அதுவே இப்போது அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

பல்லடம் சாலையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். நிதானமான ஆள். பெட்ரோலை முழுக்க வடித்து மாற்றினார். பிளக்குகளைக் கழற்றினார், காயிலைச் சோதித்தார், பம்பின் அழுத்தத்தைப் பார்த்தார். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒரே மாதிரி இருந்தது. சைலன்சர் அடைத்திருக்குமோ என்று அதையும் பிரித்து ஓட்டினார்; மாற்றம் இல்லை. ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தார். பில்டர் புத்தம்புதிதுபோல வெள்ளையாக இருந்தது. "எல்லாம் சுத்தமா இருக்குதுங்ணா. எங்க பவர் போகுதுன்னுதான் தெரியல" என்றார். ஒவ்வொன்றும் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல என் சந்தேகம்தான் வளர்ந்தது. அந்த நேரம் பார்த்து, பட்டறை மூலையில் கை துடைக்க வைத்திருந்த துணி மூட்டை கண்ணில் பட்டது. "இது யார்ட்ட வாங்கினது?" என்று கேட்டேன். "நம்ம கட்பீஸ் பாய்ட்டத்தானுங்ணா" என்றார். போதாதா? அன்றிலிருந்து மெக்கானிக்கும் என் கணக்கில் பாயின் ஆள்.

வண்டியை நான் நிறுத்துவது பனியன் துணி பின்னுகிற எங்கள் நிட்டிங் ஷெட்டின் ஓரத்தில். அங்கே இருபத்துநாலு மணி நேரமும் பஞ்சு பறக்கும். யாராவது வண்டியில் கை வைக்கிறார்களோ என்ற புதுப் பயம் வந்து, வேலையாட்கள் ஒருத்தரும் கிட்டே வரக்கூடாது என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வண்டி இன்னும் மோசமானது. ஐம்பதைத் தாண்டவே யோசித்தது.

கடைசியில் பாயை வரச் சொன்னேன். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டார். கொஞ்ச தூரம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"என்ட்ட இருந்தப்ப இப்படி இல்லீங்களே."

"அப்ப நான் பொய் சொல்றனுங்களா பாய்?"

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க. இது மூச்சு முட்டுற சத்தமுங்க. எங்கியோ காத்து பத்தல."

"மூச்சு முட்டுறது எனக்குத்தானுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இறங்கும்போது, "மனசு ஒப்பலைன்னா வண்டிய நானே எடுத்துக்கறனுங்க" என்றார். நல்ல வியாபாரி அப்படித்தான் சொல்வான். என் புத்தியோ, திரும்ப வாங்கச் சம்மதிக்கிறார் என்றால் குறை அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று கணக்குப் போட்டது.

அடுத்த நாள் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எல்லாரும் சிறு கம்பெனி நடத்துகிறவர்கள். காரைப் பற்றி ஒருவர் கிண்டலாகக் கேட்டார். "குட்டியானைக்கு வழி விட்டுட்டுப் போறீங்களாமா?" எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்மேலிருந்து தள்ளிவிட வேண்டும்போல இருந்தது. "என்னையப் பாத்துச் சிரிக்காதீங்க. பாய் மூட்டையையும் இனிப் பிரிச்சுப் பாத்துட்டு வாங்குங்க" என்றேன். மறுபடி சிரித்தார்கள். ஆனால் இந்த முறை சிரித்து முடித்ததும் இரண்டு பேர் அதை யோசிக்க ஆரம்பித்தார்கள். அதை நான் கவனித்தேன். எனக்கு ஒரு திருப்திகூட வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்த வாரமே வெளியூர் வியாபாரி ஒருவன் ராயபுரம் குடோனில் பாயின் மூட்டையைக் கத்தியால் கிழித்துப் பார்த்தானாம். சேதி என் காதுக்கு வந்தபோது, பார்க்கட்டுமே, மடியில் கனமில்லாதவர் ஏன் பயப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் கூப்பிட்டது அதற்கடுத்த வாரம். "ஏனுங்ணா, எனக்கு ஒரு சந்தேகமுங்க" என்றார். சந்தேகம் என்ற வார்த்தையை வேறொருவர் வாயில் கேட்டதும் எனக்கு உற்சாகம். "வண்டிய எங்க நிறுத்தறீங்க?" "நிட்டிங் ஷெட்டுல." "அதானுங்ணா. அந்தப் பஞ்சுல நிக்கிற வண்டியோட பில்டர் அவ்வளவு வெள்ளையா இருக்கலாமுங்களா? அழுக்கு இல்லைங்கறதுதான் எனக்கு ஒதைக்குது."

வண்டியைக் கொண்டுபோனேன். பில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டச் சொன்னார். பூண்டியில் கேட்ட அதே சீறல். முதுகு சீட்டில் ஒட்டியது. திரும்பி வந்ததும் வண்டியை ஜாக்கியில் தூக்கி அடியில் படுத்தார். முன் பம்பருக்குள், விளக்குக்குக் கீழே, தரையைப் பார்த்தபடி காற்று இழுக்கும் குழாயின் வாய் இருக்கிறது. மேலேயிருந்து தெரியாது. அதில் கையை விட்டு, எலாஸ்டிக் கட்டிய ஒன்றை உருவி என் கையில் போட்டார். இரண்டு மடிப்பாகப் போட்ட ரிப் துணி. அதன்மேல் விரல் தடிமனுக்குப் பஞ்சு ஏறி, சேறும் எண்ணெயும் சேர்ந்து கம்பளிபோல இறுகியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கருநீலம் தெரிந்தது. எங்கள் கம்பெனிக் குழந்தைச் சட்டைக்குக் கழுத்து வைக்கிற துணி.

ஷெட்டில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். துணியைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆமா மொதலாளி, நாந்தான் கட்டுனேன். வண்டி வந்த அன்னைக்கி, பஞ்சு ஏறாமப் பாத்துக்கிடுன்னு நீங்கதானே சொன்னீய? நம்ம கம்ப்ரசருக்குக் கட்டுற மாதிரியே கட்டிப்புட்டேன்."

எங்கள் ஊரில் காற்று இழுக்கிற எந்த மெஷினுக்கும் வாயில் துணி கட்டுவோம். இல்லாவிட்டால் பஞ்சு உள்ளே போய் மெஷின் செத்துவிடும். வாரம் ஒருமுறை அவிழ்த்து அலசிக் கட்ட வேண்டும்.

"அப்ப ஏன் அலசல?"

"எங்க அலச? கிட்ட வந்தா வேலைய விட்டு அனுப்பிருவேன்னுட்டீயளே."

"வண்டி ஓடலைன்னு ஒரு மாசமாக் கத்திட்டு இருக்கறேன், ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"பாய் ஏமாத்திட்டாருன்னு நீங்களே சொல்லிக்கிட்டு இருந்தீய. அப்பறம் நான் என்னத்தச் சொல்ல?"

அவர்மேல் கோபப்பட எனக்கு இடமே இல்லை.

நேராகப் பேக்கரிக்குத்தான் போனேன். அதே ஆட்களிடம், அந்த ரிப் துணியை மேஜைமேல் போட்டு, ஒன்றுவிடாமல் சொன்னேன். காருக்கு முகமூடி கட்டிவிட்ட பிட்டரின் கதையை வயிறு வலிக்கச் சிரித்துக் கேட்டார்கள். "பாய் மேல தப்பே இல்லீங்க" என்று இரண்டு முறை சொன்னேன். "அது சரிங்க" என்றார்கள். கிளம்பும்போது ஒருவர், "இருந்தாலும் மூட்டையப் பிரிச்சுப் பாக்கறது நல்லதுதானுங்களே" என்றார். சொன்னவர் கெட்டவர் இல்லை. நான் கொடுத்ததை அவர் பத்திரமாக வைத்திருந்தார், அவ்வளவுதான்.

ராயபுரம் குடோனுக்குள் நுழைந்தபோது பாய் தரையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வாங்க வந்த இளைஞன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அடித்துணியை வெளியே இழுத்துப் போட்டுக் காட்டிவிட்டு, தூணைப் பிடித்து எழுந்து, அடுத்த மூட்டைக்கு மறுபடி உட்கார்ந்தார். அவன் போகிறவரை நான் காத்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பேக்கரியில் நான் பேசியது உட்பட.

"காத்துத்தான் பத்தலீங்களா" என்றார்.

"ஆமாங்க பாய். நீங்க அன்னைக்கே சொன்னீங்க."

"இப்ப நல்லா ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க."

"அப்பச் சரிங்க." பிரித்த மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டே, "இனி எல்லாருக்கும் பிரிச்சேதான் குடுக்கறதுங்க. கேட்டுட்டாங்க, இனி இல்லைன்னு சொன்னா நல்லா இருக்காது" என்றார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. வண்டி இப்போது குண்டடம் ஏற்றத்தில் பறக்கிறது. ராயபுரத்தில் இன்னும் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். போன வாரம் எங்கள் கம்பெனித் துண்டுகளை எடுக்கப் பாய் வந்திருந்தார். மூட்டைகள் வரிசையாக இருந்தன. நானே கத்தியை எடுத்து நீட்டி, "பிரிச்சுப் பாத்துருங்க பாய்" என்றேன்.

"எதுக்குங்க?" என்றார். லோடுமேன்களைப் பார்த்து ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினார்.

என்மேல் உள்ள நம்பிக்கையில் சொன்னாரா, எனக்கு உறைக்கட்டும் என்று சொன்னாரா? அந்த ஒற்றை வார்த்தையை அன்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மேலும் கீழும் கிளறிப் பார்த்தேன். இன்றும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.